அன்னூர்த் தகரப் பெட்டியும் தேசியப் பங்குச் சந்தையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஐப்பசி மாதம் அன்னூர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் ஓடு மாற்றினார்கள். பரணில் கிடந்ததை எல்லாம் இறக்கியபோது ஒரு தகரப் பெட்டி வந்தது. உள்ளே காடாத் துணியில் சுற்றிய மூன்று கட்டு ஷேர் பத்திரம், ரப்பர் பேண்ட் போட்ட புரோக்கர் சீட்டுகள், அட்டை கிழிந்த ஒரு குயர் நோட்டு. அவற்றை வாங்கிச் சேர்த்த பெரியவர் 2019இல் காலமாகிவிட்டார். திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கும் மகன் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார். 74 வயதான அம்மா விடவில்லை. "உங்கப்பன் பருத்தி வித்த காசுடா அது. யாரையாச்சும் கேட்டுட்டு அப்புறம் போடு" என்றாராம். அப்படித்தான் அந்தப் பெட்டி என்னிடம் வந்தது.

நான் 1992 தொடக்கத்தில் கோவையில் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தவன். பத்திரங்களைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போவதுதான் முதல் வேலை. இப்போது பழைய காகிதப் பங்குகளை வாரிசுகள் பெயருக்கு மாற்றித் தருவதைத் தொழிலாகச் செய்கிறேன். இதுபோல நிறையப் பெட்டிகளைத் திறந்திருக்கிறேன். ஆனால் முப்பது வருடச் சந்தை வரலாறு முழுக்க இப்படி அடுக்கி வைத்ததுபோல் கிடைத்த பெட்டி இது ஒன்றுதான். அதனால்தான் இதை விரிவாக எழுதி வைக்கிறேன். குடும்பத்தின் அனுமதியோடு எழுதுகிறேன். பெயர்கள் தேவையில்லை.

நோட்டிலிருந்து தொடங்கலாம். பெரியவர் ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, கம்பெனி, எண்ணிக்கை, விலை என்று நான்கு கட்டம் பிரித்திருந்தார். முதல் வரி 1988. ஒரு நூற்பாலை, 300 பங்கு. மில்லின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். அந்த மில்லுக்குத்தான் அவர் பருத்தி போட்டுக்கொண்டிருந்தார். மில் முதலாளியைத் தெரியும், மில் கேட்டில் வரிசையில் நிற்கும் வண்டிகளைத் தெரியும், எந்த வருடம் புது நூற்புக் கதிர்கள் இறக்கினார்கள் என்பதும் தெரியும். கோவையில் பங்கு வாங்குவது வெகுகாலம் இப்படித்தான் இருந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் மில், 1910இல் லட்சுமி மில்ஸ், அப்புறம் 1930களின் தொடக்கத்தில் பைகாரா மின்சாரம் வந்ததும் வரிசையாக ஆலைகள். பருத்தி விளைவித்தவர்களும் பருத்தி வாங்கி விற்றவர்களும் மில்லில் பங்கு வைத்திருந்தார்கள்.

சொல்லப்போனால் இந்த நாட்டின் முதல் பங்குச் சந்தைக்கே பருத்தியோடு நெருங்கிய உறவு உண்டு. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றது. பம்பாயிலிருந்து போன பருத்திக்கு வாய்க்கு வந்த விலை கிடைத்தது. அந்தப் பணம் புதுப்புது கம்பெனிகளின் பங்குகளில் பாய்ந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனி ஒன்றின் பங்கு, கட்டிய தொகையைப்போல் பத்து மடங்கு விலைக்குப் போனது. 1865இல் போர் முடிந்தது, எல்லாம் சரிந்தது. அந்த அடியிலிருந்து எழுந்த தரகர்கள் 1875இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுதான் இன்றைய மும்பைப் பங்குச் சந்தை. அதே பருத்திக் காலத்தில், 1862இல், சென்னையிலிருந்து ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை வரை ரயில் பாதை முடிந்தது. நம் பருத்தியும் துறைமுகத்துக்குப் போக வழி கிடைத்தது. பங்குச் சந்தை மட்டும் கோவைக்கு வந்து சேர இன்னும் 130 வருடம் ஆயிற்று.

துண்டுக்குள் பேசிய விலை

1988இல் அன்னூரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் பங்கு வாங்கினால் என்ன நடந்தது? கோவை புரோக்கரிடம் சொல்வார். புரோக்கர் சென்னையில் இருக்கும் இன்னொரு புரோக்கரிடம் சொல்வார், மும்பைப் பங்கு என்றால் அங்கே இருப்பவரிடம். எஸ்.டி.டி. போட்டுக் காத்திருக்க வேண்டும். சந்தைக் கூடத்தில் கூவி வாங்கி, கூவி விற்பார்கள். சாயங்காலம் ஒரு விலை வந்து சேரும். அந்த விலை உண்மையில் நடந்த விலைதானா என்று பார்க்க வழியே கிடையாது. மறுநாள் பேப்பரில் அன்றைய உச்ச விலையும் அடி விலையும் இருக்கும். வாங்கியவருக்கு உச்ச விலைக்குப் பக்கத்திலும், விற்றவருக்கு அடி விலைக்குப் பக்கத்திலும் சீட்டு வருவது வாடிக்கை. தரகு இரண்டரை சதவீதம் வரை போகலாம்.

இதை அந்த அம்மாவுக்கு விளக்கியபோது அவரே சொன்னார்: "மாட்டுச் சந்தையில துண்டு போட்டுப் பேசற மாதிரியா தம்பி?" அதேதான். தரகர் கையின்மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். மாட்டுக்காரருக்கு ஒரு விலை தெரியும், வாங்குபவருக்கு ஒரு விலை தெரியும், துண்டுக்குள் என்ன நடந்தது என்பது தரகருக்கு மட்டும் தெரியும். துண்டு போடுகிற தரகர் எல்லோரும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. என் முதல் முதலாளி ஒரு பைசா கூடுதலாக எடுக்காதவர். ஆனால் நல்லவர் கையில் பட்டால் நல்ல விலை, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலையில் ஒரு சந்தை இருக்கக் கூடாது.

பணம் கொடுத்ததோடு வேலை முடியாது. பத்திரம் வர வேண்டும். அதோடு பங்கு மாற்றுப் படிவம், அதில் விற்பவர் கையெழுத்து, நூற்றுக்கு 50 பைசா கணக்கில் ஸ்டாம்ப். எல்லாம் ஒட்டி கம்பெனிக்கு அனுப்பினால் இரண்டு மாதம் கழித்து, "கையெழுத்து ஒத்துப்போகவில்லை" என்று திரும்பி வரும். எங்கள் பேச்சில் அதற்கு 'பேட் டெலிவரி' என்று பெயர். திரும்பி வந்த பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நான் எத்தனை தெருவில் அலைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. விற்றவர் சில சமயம் இறந்தே போயிருப்பார். பெரியவர் நோட்டில் இரண்டு வரிகளுக்கு நேரே சிவப்பு மையில் 'திரும்பி வந்தது' என்று எழுதியிருக்கிறது. அதில் ஒன்று சரியாக ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் கோவைக்கு என்று சொந்தப் பங்குச் சந்தை இயங்கத் தொடங்கியது. சிங்காநல்லூர்ப் பக்கம் திருச்சி சாலையில் அதற்குக் கட்டடம் எழுந்தது. அன்று இது ஊருக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் தவறில்லை. தொலைபேசிதான் தொடர்பு என்றிருந்த காலத்தில் உள்ளூர்க் கம்பெனியின் பங்குக்கு உள்ளூரில் ஒரு சந்தை தேவைப்பட்டது. ஒரு கம்பெனி தன் பதிவு அலுவலகத்துக்கு அருகிலுள்ள பிராந்தியச் சந்தையில் தன் பங்கை வாங்கி விற்கப் பதிவு செய்தாக, அதாவது பட்டியலிட்டாக வேண்டும் என்ற விதியும் இருந்தது. நாடு முழுக்க இப்படி இருபதுக்கும் மேல் சந்தைகள் இருந்தன. அந்த நூற்பாலை கோவையிலும் சென்னையிலும் பட்டியலிட்டிருந்தது. மும்பையில் இல்லை. அந்த ஒன்றுதான் பின்னால் வினையாக முடிந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த அந்த 1992இல் சந்தை பைத்தியம் பிடித்ததுபோல் ஏறிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் மும்பைச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 4,400ஐத் தாண்டியது. ஏ.சி.சி. சிமென்ட் கம்பெனியின் பங்கு சில நூறு ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரைக்கும் போனது. ஏப்ரல் 23 அன்று, மும்பைப் புரோக்கர் ஹர்ஷத் மேத்தா வங்கிப் பணத்தைச் சந்தைக்குள் திருப்பிவிட்டிருந்த செய்தி வெளிவந்தது. அதன்பின் வந்த வாரங்களில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்களின் முகங்கள் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. தோட்டத்தை அடமானம் வைத்து வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள். பெரியவர் நோட்டில் அந்த வருடம் சித்திரை முதல் ஐப்பசி வரை ஒரு வரியும் இல்லை.

மணி 11.42

தேசியப் பங்குச் சந்தை அந்த மோசடியால் பிறந்தது என்று பலர் சொல்வார்கள். அது முழுக்கச் சரியல்ல. பெர்வானி தலைமையிலான ஆய்வுக் குழு 1991லேயே, நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி எட்டும் புதிய சந்தை வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டது. மோசடி செய்தது, அதை இனியும் தள்ளிப்போட முடியாமல் ஆக்கியதுதான். தொழில் வளர்ச்சி வங்கியான ஐ.டி.பி.ஐ. முன்னின்று, மற்ற பெரிய நிதி நிறுவனங்களும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து 1992 நவம்பரில் கம்பெனியாகப் பதிவு செய்தார்கள். ஆர்.எச். பாட்டீல் முதல் நிர்வாக இயக்குநர். 1993 ஏப்ரலில் சந்தையாக அங்கீகாரம் கிடைத்தது. 1994 ஜூனில் கடன் பத்திர வர்த்தகம், நவம்பர் 3 அன்று பங்கு வர்த்தகம் தொடங்கியது. ஓராண்டுக்குள், 120 வயதான மும்பைச் சந்தையை வர்த்தக அளவில் முந்திவிட்டது.

எப்படி? கம்ப்யூட்டர் வந்ததால் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மும்பைச் சந்தையும் 1995 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு மாறியது. ஆகவே காரணம் அதற்கும் ஆழத்தில் இருக்கிறது. பழைய சந்தைகள் புரோக்கர்களுக்குச் சொந்தமானவை. விதியை எழுதுபவரும் அவர்கள், விதிக்குக் கட்டுப்பட வேண்டியவர்களும் அவர்கள். புதிய சந்தையில் உடைமை ஒருவரிடம், வர்த்தகம் செய்வது வேறொருவர். இரண்டாவது, மும்பையில் ஒரு கூடம் என்று வைக்காமல், வீசாட் என்ற செயற்கைக்கோள் தொடர்பு வழியாக எந்த ஊரிலிருந்தும் ஒரே வரிசையில் நிற்க வைத்தார்கள். கோவைக் கட்டடங்களின் மொட்டை மாடியில் வெள்ளைத் தட்டுகள் முளைத்தது அப்போதுதான். மும்பைச் சந்தை இருக்கும் தலால் தெருவில் நிற்பவரும் அவிநாசி சாலையில் உட்கார்ந்திருப்பவரும் அந்தத் திரையில் ஒன்று. யார் ஆர்டர் என்று யாருக்கும் தெரியாது. நல்ல விலை சொன்னவர் முன்னால். விலை ஒன்றாக இருந்தால் முதலில் வந்தவர் முன்னால்.

பெட்டியிலிருந்த புரோக்கர் சீட்டுகளில் 1996இன் ஒரு சீட்டு தனியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கோவையின் ஒரு பெரிய இயந்திரக் கம்பெனியின் 50 பங்கு. அதில் ஆர்டர் எண்ணும், வர்த்தகம் நடந்த நேரமும் அச்சாகியிருந்தன. நோட்டில் அதே தேதிக்கு நேரே பெரியவர் எழுதியிருக்கிறார்: 'மணி 11.42. நேரம் போட்டு வந்திருக்கிறது.' அதன் கீழே இரண்டு கோடு. எட்டு வருடமாகத் துண்டுக்குள் விலை பார்த்த ஒரு விவசாயி, முதல்முறையாகத் துண்டை எடுத்துவிட்டுப் பார்க்கிறார். அந்த இரட்டைக் கோட்டைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இந்தச் சந்தையைப் பற்றிப் பின்னால் நான் என்ன குறை சொன்னாலும், இந்த நன்மையை மறந்து சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே 1996 ஏப்ரலில் தீர்வுக் கழகமும் செயல்படத் தொடங்கியது. வாங்குபவருக்கு எதிரே அதுவே விற்பவராகவும், விற்பவருக்கு எதிரே அதுவே வாங்குபவராகவும் நிற்கும். ஒரு புரோக்கர் திவாலானாலும் எதிரே இருப்பவருக்குப் பணமோ பங்கோ வந்துவிடும். தேசியச் சந்தையின் நிஃப்டி குறியீடும் அந்த மாதம்தான் வந்தது. நவம்பரில் பங்குகளைக் கணக்கில் வைத்துக் காக்கும் என்.எஸ்.டி.எல். நிறுவனம் தொடங்கி, பத்திரங்கள் காகிதத்திலிருந்து கணக்குப் புத்தகத்துக்கு மாற ஆரம்பித்தன. 1999 ஜனவரியிலிருந்து சிறு முதலீட்டாளர்களுக்கும் டீமேட் என்ற இந்தக் காகிதமில்லா முறை படிப்படியாகக் கட்டாயமானது. என் சைக்கிள் வேலை போயிற்று. நான் வருத்தப்படவில்லை.

பெரியவர் டீமேட் கணக்கு தொடங்கவில்லை. மகன் அது சோம்பல் என்றார். நோட்டைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 2000இல் ஒரு பக்கத்தில், 'மில் டீமேட்டில் சேரவில்லை. சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுக்கலாம்' என்று எழுதியிருக்கிறார். காத்திருந்திருக்கிறார். மில் அவர் இருந்தவரை டீமேட்டுக்கு வரவே இல்லை.

திருச்சி சாலை அடங்கிய கதை

கோவைச் சந்தையை மும்பை விழுங்கிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டியை நினைத்துப் பாருங்கள். பெருந்துறையிலும் ஏலம் நடக்கிறது என்றாலும், வாங்குபவர் கூட்டம் எங்கே அதிகமோ அங்கேதான் விவசாயி மூட்டையை இறக்குவார். விவசாயி அங்கே போவதால் வாங்குபவர் இன்னும் அதிகமாக அங்கே போவார். பங்கும் அப்படித்தான். திரையில் நாடு முழுக்க ஒரே விலை தெரியும்போது, கோவையில் மட்டும் இருபது பேர் பார்க்கிற விலைக்கு யார் விற்பார்கள்?

ஒவ்வொரு படியாக நடந்தது. முதலில் வெவ்வேறு சந்தைகளுக்கு வெவ்வேறு கணக்கு முடிக்கும் நாள் இருந்தது. தேசியச் சந்தைக்குப் புதன் முதல் செவ்வாய், மும்பைக்குத் திங்கள் முதல் வெள்ளி. ஒரு சந்தையின் கணக்கை இன்னொன்றுக்குத் தள்ளிவிட்டே பிழைத்தவர்கள் உண்டு. புரோக்கர் கேத்தன் பரேக்கின் மோசடி விவகாரத்துக்குப் பின், 2001 ஜூலையில், கணக்கை முடிக்காமல் அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடும் பத்லா முறை தடை செய்யப்பட்டு, அன்றன்றைய வர்த்தகத்துக்குத் தனித்தனிக் கணக்கு என்ற முறை முக்கியப் பங்குகளுக்குக் கட்டாயமானது. அந்தப் பிழைப்பும் முடிந்தது. பிராந்தியச் சந்தைகள் பலவும் துணை நிறுவனம் தொடங்கி அதன்மூலம் தேசியச் சந்தையில் உறுப்பினராகின. அதாவது கோவைச் சந்தையின் புரோக்கர்களே தேசியச் சந்தையின் துணைப் புரோக்கர்களாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். 2003இல் பிராந்தியச் சந்தையிலிருந்து கம்பெனிகள் விலகிக்கொள்ள வழி திறந்தது. பெரிய கம்பெனிகள் கிளம்பின. தேசியச் சந்தைக்குப் போக வசதி இல்லாத சின்ன மில்கள் மட்டும் தங்கிவிட்டன.

2012 மே மாதம், சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி ஒரு விதி கொண்டுவந்தது. ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் வர்த்தகம் இல்லாத சந்தைகள் தாமாக வெளியேறலாம். இரண்டு ஆண்டுக்குள் அந்த அளவை எட்டாவிட்டால் வெளியேற்றப்படும். 2013 ஏப்ரல் 3 அன்று கோவைப் பங்குச் சந்தைக்கு வெளியேறும் ஆணை வந்தது. இரண்டு வருடம் கழித்துச் சென்னைச் சந்தையும் மூடியது. பெரியவரின் மில் பட்டியலிட்டிருந்த இரண்டு இடமும் போயிற்று.

மூன்று கட்டு

முதலில் சின்னக் கட்டு. 1995இன் புதுப் பங்கு வெளியீடுகள், நான்கு கம்பெனி. அந்த வருடங்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகள் வந்தன. பூ ஏற்றுமதி, இறால் பண்ணை, தேக்கு என்று எதற்கும் விண்ணப்பப் படிவம் கிடைக்கும். நான்கில் மூன்று காணாமல் போய்விட்டன. ஒன்று பெயர் மாறி, வர்த்தகம் இல்லாமல் கிடக்கிறது. இதில் செய்ய ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, அந்த 11.42 சீட்டின் இயந்திரக் கம்பெனி. 50 பங்கு, பிரிப்பும் போனசும் சேர்ந்து 1,000 ஆகியிருந்தது. ஆனால் குடும்பம் பழைய வீட்டிலிருந்து தோட்டத்துக்குக் குடி மாறியபின் டிவிடெண்ட் வாரண்டுகள் திரும்பிப் போயிருக்கின்றன. தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்ட் வாங்கப்படாத பங்குகள், சட்டப்படி முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். அங்கே போயிருந்தது. போனது திரும்ப வரும் என்பது பலருக்குத் தெரியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை, வங்கியில் கையெழுத்துச் சான்று, பான், கே.ஒய்.சி. படிவங்கள் எல்லாம் கம்பெனியின் பங்குப் பதிவாளரிடம் கொடுத்து, கம்பெனியிடம் உரிமைக் கடிதம் வாங்கி, அப்புறம் அந்த நிதிக்கு ஐ.இ.பி.எஃப்.-5 படிவம். பத்திரத்தில் பெரியவர் பெயருக்கு முன் ஒரு எழுத்து, ஆதாரில் இரண்டு எழுத்து. அதற்கே மூன்று மாதம் போயிற்று. மொத்தம் பதினாறு மாதத்தில் 1,000 பங்கும் அம்மாவின் டீமேட் கணக்குக்கு வந்துவிட்டன. தேசியச் சந்தையில் அதற்கு ஒவ்வொரு நொடியும் விலை இருக்கிறது. பாதியை விற்று வீட்டு ஓட்டு வேலைக் கடனை அடைத்தார்கள்.

மூன்றாவது கட்டு மில். இதில்தான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.

சந்தை மூடியபின் அதில் மட்டும் பட்டியலிட்ட கம்பெனிகளைத் தேசியச் சந்தை, மும்பைச் சந்தை போன்ற நாடு தழுவிய சந்தைகளின் தகவல் பலகைக்கு மாற்றினார்கள். அது சந்தை அல்ல. விற்க விரும்புவதாகவும் வாங்க விரும்புவதாகவும் தெரிவிக்க ஓர் இடம், அவ்வளவுதான். இந்த மில்லின் பங்குக்கு அங்கே ஒரு வியாபாரமும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. 2016 அக்டோபரில் செபி, இப்படி அந்தரத்தில் நிற்கும் கம்பெனிகள் நாடு தழுவிய சந்தை ஒன்றில் பட்டியலிட வேண்டும், இல்லாவிட்டால் நிறுவனர்கள் சுதந்திர மதிப்பீட்டாளர் குறித்த விலைக்குப் பொதுப் பங்குதாரர்களிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றது. அப்போது விற்காதவர்கள் அடுத்த ஓராண்டுக்குள் வந்தாலும் அதே விலை தர வேண்டும்.

நல்ல விதி. மில்லும் அதன்படி அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. பதிவாளரிடம் கேட்டதில், 2017இல் பழைய கதவு எண்ணுக்குப் பதிவுத் தபால் போய், 'முகவரியில் இல்லை' என்று திரும்பியிருக்கிறது. பேப்பரில் விளம்பரமும் வந்திருக்கிறது. பெரியவர் அந்த வருடம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஓராண்டு முடிந்தது. 2022இல் நாங்கள் போய் நின்றபோது, விதிப்படி யாருக்கும் எந்தக் கடமையும் மீதமில்லை.

யார் தவறு? பெட்டி வந்த நாளிலிருந்து இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். முகவரியை மாற்றிக் கொடுக்காதது பெரியவரின் தவறுதான். அதை மறைக்கவில்லை. ஆனால் காகிதப் பங்குக்கு முகவரி மாற்ற, கம்பெனிக்குத் தனியாக எழுத வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? வருடக்கணக்காக அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் உள்ளூர்ப் புரோக்கர். அவர் 2000களின் நடுவில் தொழிலை விட்டுவிட்டார். துண்டைப் பற்றி நான் மேலே கடுமையாகப் பேசினேன். ஆனால் அந்தத் துண்டு போட்ட தரகருக்கு, இவர் வீடு மாறிவிட்டார், இவருக்கு உடம்பு சரியில்லை என்பது தெரிந்திருக்கும். திரைக்கு அது தெரியாது. தேசியச் சந்தை வந்ததால் விலை நேர்மையானது. கூடவே, சின்னக் கம்பெனியின் சின்னப் பங்குதாரருக்கும் சந்தைக்கும் நடுவே இருந்த ஆள் போனார். அவர் இடத்தில் யாரையும் வைக்காமலேயே சந்தைகளை மூடினார்கள். மூடும்போது சந்தையின் சொத்து என்ன ஆகும், வரி என்ன, உறுப்பினர்களுக்கு என்ன என்பதற்கெல்லாம் விதி இருந்தது. பங்குதாரருக்குக் கிடைத்தது ஒரு பதிவுத் தபால். கொங்கு நாட்டில் இதுபோல எத்தனை மில் பத்திரங்கள் பரணில் கிடக்கின்றன என்று அன்றே ஊர் ஊராகப் போய்க் கேட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தேசியச் சந்தையும் மாசற்றதல்ல. அதன் சர்வர்களுக்கு அருகிலேயே தங்கள் கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ளும் வசதியில், சில புரோக்கர்களுக்கு விலைத் தகவல் முந்திக் கிடைத்தது என்ற புகார் 2015இல் எழுந்தது. 2019 ஏப்ரலில் செபி 624.89 கோடி ரூபாயை வட்டியோடு செலுத்தச் சொன்னது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தொகையை ரத்து செய்து, கவனக்குறைவுக்காக 100 கோடி என்று வைத்தது. முதலில் வந்தவர் முன்னால் என்ற ஒரே வாக்குறுதியில் எழுந்த சந்தை அது. 11.42 என்ற நேரத்துக்குக் கீழே இரட்டைக் கோடு போட்ட ஒருவரை நினைத்துக்கொண்டு அந்த வழக்கைப் படித்தால் மனது வலிக்கும்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது இன்னொன்றும் கவனித்தேன். என்ஜினியரிங் படிக்கும் பேரன் கைபேசியில் ஆப்ஷன், அதாவது விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம்போலக் கட்டும் ஒப்பந்தங்களை, வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். தாத்தாவின் பத்திரத்துக்குப் பதினாறு மாதம் ஆன இடத்தில், அவனுக்குப் பதினாறு நொடி போதும். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் இந்த வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டம் அடைந்தார்கள், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியின் ஆய்வு சொன்னது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து அவனிடம் கொடுத்தேன். படித்தான். தாத்தாவின் நோட்டையும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மில்லுக்கு மறுபடி வருவோம். பட்டியலில் இல்லாத பொது நிறுவனம் என்றாலும், 2018 அக்டோபர் முதல் அதன் பங்குகளை டீமேட்டில் மட்டுமே கைமாற்ற முடியும். ஆகவே மில் இப்போது டீமேட்டில் சேர்ந்திருந்தது. வாரிசு மாற்றத்துக்கு விண்ணப்பித்தோம். நான்கு மாதத்தில் பங்குகள் அம்மா பெயருக்கு வந்தன. நிறுவனர் குடும்பத்துக்கு, பழைய விலைக்கே வாங்கிக்கொள்ளக் கேட்டு மகனை ஒரு கடிதம் எழுத வைத்தேன். மரியாதையான பதில் வந்தது. காலக்கெடு முடிந்துவிட்டதாகவும், தற்போது வாங்கும் எண்ணமில்லை என்றும் இருந்தது. ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு மட்டும் இனிமேல் சரியான முகவரிக்கு வரும்.

2025 தை மாதம் கணக்குக் காட்டப் போயிருந்தேன். பேரன் கைபேசியில் டீமேட் பக்கத்தைத் திறந்து பாட்டியிடம் கொடுத்தான். இயந்திரக் கம்பெனிக்கு நேரே எண்ணிக்கை, விலை, மதிப்பு. அதன் கீழே மில்லின் பெயர், 300, அதற்கு நேரே விலைக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் அந்தக் குயர் நோட்டை எடுத்து வந்து, கடைசிப் பக்கத்தில் இதையும் எழுதித் தரச் சொன்னார். தேதி எழுதினேன், மில் பெயர் எழுதினேன், 300 எழுதினேன். விலைக் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"அத சும்மா உடுங்க தம்பி. வந்தா எழுதிக்கலாம்."